கணக்குப் புத்தகம் மேகத்தில்; திறப்பு எவர் கையில்?

2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட தீர்மானத்துக்கும் கல்முனைக் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இருக்கக்கூடும். சம்பந்தம் உண்டு. 2017 இற்கு முற்பட்ட செயலிகளைக் கொண்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 ஐ ஏற்கும் தகுதியற்றவை. எமது கரையோரப் புடைவைக் கடைகளிலும், சம்மாந்துறையின் அரிசி ஆலைகளிலும், மருதமுனைக் கைத்தறி வியாபாரிகளிடத்திலும், கணக்காய்வு அலுவலகங்களிலும், அச்சகங்களிலும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகளின் உரிமையாளர்கள் இன்று ஏதேனும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டிய நிலையில் உள்ளனர்.

அவர்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினிகளை வாங்குவது முதலாவது வழி. பாதுகாப்பற்ற கணினியுடன் நடப்பது நடக்கட்டும் என்று காலந்தள்ளுவது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் மாற்றாக விற்பனையாளர்கள் இப்போது முன்வைப்பது மூன்றாவது வழி: கணினியை வாங்காமல் வாடகைக்கு எடுத்தல். கிளவுட் டெஸ்க்டொப் என்று வழக்கில் அழைக்கப்படும் மெய்நிகர் மேசைக்கணினிச் சேவையே அது.

இதன் செயற்பாடு சிக்கலானதன்று. விண்டோஸும் கணக்கு மென்பொருளும் கோப்புகளும் கடையிலுள்ள பெட்டியில் இருப்பதில்லை. மும்பாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள தரவு நிலையமொன்றின் இயந்திரத்தில் அவை இயங்குகின்றன. எமது மேசையிலுள்ள பழைய கணினி அந்த இயந்திரத்தின் திரைக்காட்சியைப் பெற்றுக் காட்டுகிறது. நாம் அழுத்தும் விசைகளையும் சுட்டியின் அசைவுகளையும் அங்கே அனுப்பிவைக்கிறது. அமேசன் நிறுவனம் 2013 இல் இத்தகைய சேவையை அறிவித்தது. மைக்ரோசொப்ட் 2019 இல் ஒரு வகையையும் 2021 இல் விண்டோஸ் 365 என்ற மற்றொரு வகையையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவற்றுக்கு முன்னரே சிற்றிக்ஸ், விஎம்வெயார் போன்ற நிறுவனங்கள் வங்கிகளுக்கும் பெரு நிறுவனங்களுக்கும் இதனைச் செய்து வந்தன. பெரியோருக்கு உரியதாயிருந்த வசதி சிறு வியாபாரியின் வாசலுக்கும் வந்திருப்பது நல்லதே. ஆயினும் எந்த அளவுகோலைக் கொண்டு அதனைத் தெரிவு செய்வது என்பதே எமது கேள்வி. செயலி எத்தனை, நினைவகம் எத்தனை கிகாபைட், மாத வாடகை எவ்வளவு என்பனவற்றைப் பற்றியே விற்பனையாளர்கள் பேசுகின்றனர். இக்கரையோரத்தில் வாழ்வோர் முதலில் கேட்க வேண்டியவை வேறு என்பது எமது அபிப்பிராயமாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியை இங்கு எவரும் மறந்துவிடவில்லை. இலங்கையில் ஆழிப்பேரலையால் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கடல் கொண்டுபோனவை வீடுகளும் வள்ளங்களும் மாத்திரமல்ல. காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகங்கள், கடைகளின் கடன் கொப்பிகள் என்பனவும் அவற்றோடு போயின. ஆவணங்கள் இன்றித் தவித்த மக்களின் துயரைக் கருத்திற்கொண்டே 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டியேற்பட்டது. மரணப் பதிவுக்குச் சட்டம் வழி செய்தது. கடன் கொப்பிக்கு எந்தச் சட்டமும் வழி செய்யவில்லை. பெரும்போக அறுவடைவரை விவசாயிக்கும், கடல் தொழில் சீராகும்வரை வள்ளக்காரருக்கும் கடன் கொடுத்து வாழும் வர்த்தகம் எமது பிரதேச வர்த்தகம். அந்தக் கொப்பி அழிந்தால் அழிவது பணம் மட்டுமன்று. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலிருந்த நம்பிக்கையும் கூடவே சிதைகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைக்கும் ஒழுங்கைப் பற்றியதாகும் என்பதை எமது வாசகர்கள் நன்கறிவர். எழுதிவைத்த ஏடு அமானிதம் என்பது எம்மவருக்குப் புதிய பாடமல்ல.

ஆகவே கணக்குகள் கடற்கரையிலிருந்து விலகி, பாதுகாப்பான வேறொரு நிலத்தில் இருக்க வேண்டும் என்ற வாதத்தின் வலுவை எமக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிற்பாடு நேர்ந்தவையும் இவ்வாதத்துக்குத் துணை நிற்கின்றன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து சாய்ந்தமருதுச் சம்பவம் நிகழ்ந்தபோது கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பொலிஸ் பிரிவுகள் ஊரடங்கில் முடங்கின. 2020 இறுதியில் கொரோனாத் தொற்றினால் அக்கரைப்பற்று தனிமைப்படுத்தப்பட்டது. கணினி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்க, கணக்காளர் வீட்டில் கைகட்டியிருந்த நாட்கள் அவை. மெய்நிகர் மேசைக்கணினி அன்று கைவசம் இருந்திருப்பின் வீட்டிலிருந்தே சம்பளப் பட்டியலைத் தயாரித்திருக்க முடியும். இயந்திரம் களவுபோனாலும், எரிந்தாலும், நீரில் மூழ்கினாலும் வேறொரு கணினியின் முன் அமர்ந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது மிகைப்படுத்தப்பட்ட விளம்பரமன்று; உண்மையான பயன்.

ஆனால், கடற்கரையை விட்டு அகன்றுவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிட்டது என்று கருதுவது பெருந்தவறு. இதற்கான சான்றைத் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. கொழும்பே போதும்.

2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு இலக்கானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். அதனை நிர்வகித்து வந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சேவையை மீளச் செயற்படுத்தியது உண்மைதான். எனினும் அவ்வாண்டு மே 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட கால அரசாங்கக் கடிதப் போக்குவரத்து அழிந்து போயிற்று. காரணம் மிகச் சாதாரணமானது. பிரதிகள் எடுக்கப்பட்டிருந்தன, ஆனால் அந்தப் பிரதிகளும் அதே கட்டமைப்பினுள்ளேயே இருந்தன. மூலத்தைப் பூட்டிய தீம்பொருள் பிரதியையும் பூட்டிவிட்டது. கட்டமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. அத்துடன் பாவனையிலிருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாகும். அதற்கான ஆதரவை அதே ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசொப்ட் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கும் யோசனை 2021 முதலே இருந்தும் நிதியின்மையாலும் நிர்வாகத் தீர்மானங்களாலும் பிற்போடப்பட்டு வந்ததாக அந்நிலையமே விளக்கமளித்தது.

ஓர் அரசாங்கத்துக்கே நிகழ்ந்தது இதுவாயின், இரண்டு கணக்காளர்களை வைத்து நடத்தப்படும் கடைக்கு நிகழாதென்று சொல்வதற்கில்லை. எமது அரசாங்கத்தின் கையாலாகாத்தனம் என்று இதனை ஒதுக்கிவிட முனைவோருக்குத் தென்கொரியாவைச் சுட்டிக்காட்டலாம். தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்மாதிரியாகப் போற்றப்படும் நாடு அது. 2025 செப்டெம்பர் 26 ஆம் திகதி தெஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்களிலிருந்து தீ பரவியது. நூற்றுக்கணக்கான அரச சேவைகள் ஸ்தம்பித்தன. அரச ஊழியர்கள் தமது கோப்புகளைச் சேமித்துவந்த பொதுக் களஞ்சியத்தில் இருந்த 858 டெராபைட் தரவு அழிந்தது. அதற்கு வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை. அளவு மிகப் பெரிது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்!

இவற்றுக்கு நேர்மாறான சம்பவமொன்றும் உண்டு. அவுஸ்திரேலியாவின் யூனிசுப்பர் ஓய்வூதிய நிதியம் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்களைக் கொண்டது. 2024 மே மாதத்தில் கூகுள் நிறுவனத்தின் பக்கத்தில் நேர்ந்த தவறான அமைப்பு ஒன்றினால் அந்நிதியத்தின் தனியார் மேகக்கணினிச் சந்தா அழிக்கப்பட்டது. இரண்டு வெவ்வேறு புவியியற் பகுதிகளில் பிரதிகள் இருந்தும் பயனில்லை. சந்தா ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்தே அழிந்தன. அங்கத்தவர்கள் ஒரு வாரத்துக்கு மேலாகத் தமது கணக்குகளைப் பார்க்க முடியாதிருந்தனர். ஆயினும் நிதியம் மீண்டெழுந்தது. கூகுளுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வழங்குநரிடம் அது தனியாகப் பிரதி வைத்திருந்ததே முக்கிய காரணமாகும்.

இச்சம்பவங்களை நாம் விரிவாகக் கூறுவது அச்சமூட்டுவதற்காக அல்ல. மெய்நிகர் மேசைக்கணினி வேறு, காப்புப் பிரதி வேறு என்ற வேறுபாடு விற்பனைப் பேச்சுக்களில் மறைந்து போகிறது. தரவு நிலையத்தின் கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவற்றுக்கு வழங்குநர் பொறுப்பு. அந்த இயந்திரத்தினுள் நாம் எழுதிவைப்பவற்றுக்குப் பொறுப்பாளி நாமே. எல்லாப் பெரு வழங்குநர்களின் ஒப்பந்தங்களும் இந்த எல்லைக்கோட்டையே வரைந்துள்ளன. அமேசனின் சேவை பாவனையாளரின் கோப்புப் பகுதியைப் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை படம்பிடித்து வைக்கிறது. விண்டோஸ் 365 பத்துக் குறுங்கால மீட்புப் புள்ளிகளையும் வாரத்துக்கு ஒன்றாக நான்கு புள்ளிகளையும் வைத்திருக்கிறது. இவை பயனுள்ள ஏற்பாடுகளே. எனினும் இவை அனைத்தும் அதே வழங்குநரின் அதே கணக்கினுள்ளேதான் இருக்கின்றன. ஐந்து வாரங்களுக்கு முன் எழுத்தர் ஒருவர் தவறுதலாக அழித்த கோப்பை இவற்றால் மீட்க முடியாது. ஆகவே கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பை வாரமொரு முறையேனும் வேறொரு வட்டில் இறக்கி, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி, கடலுக்கு அப்பாலுள்ள உறவினர் வீட்டு அலுமாரியில் வைக்கும் பழைய பழக்கத்தைக் கைவிடலாகாது. அவ்வாறு இறக்கிக்கொள்ள அனுமதிக்காத சேவை எதுவாயினும், அதன் வாடகை எத்துணை மலிவாயினும், அதனைத் தெரிவு செய்வதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

இதனோடு இணைந்தது வெளியேறும் உரிமை. சந்தா கட்டுவது நின்றுபோனால் என்ன நடக்கும் என்று எத்தனை பேர் கேட்கின்றனர்? நிறுவனங்களுக்கான விண்டோஸ் 365 வகையில் உரிமம் காலாவதியானபின் ஏழு நாள் தவணை கிடைக்கிறது. அதன் பின்னர் அந்தக் கணினி அழிக்கப்படுகிறது. வீட்டு வாடகை தவறியவரின் தளபாடங்களை வீட்டுக்காரர் தெருவில் எறிவதாவது பொறுக்கி எடுக்கக்கூடியது. இங்கே பொறுக்குவதற்கும் எதுவுமிராது. 2022 ஆம் ஆண்டை நினைவிற்கொள்ள வேண்டும். டொலருக்காக நாடே வரிசையில் நின்ற அக்காலத்தில் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு உரிய திகதியில் பணம் செலுத்துவது எளிதாக இருக்கவில்லை.

செலவின் விடயமும் அதே ஆண்டை நினைவூட்டுகிறது. விண்டோஸ் 365 அறிமுகமான 2021 இல், சாதாரண அலுவலக வேலைக்குப் போதுமான நிறுவன வகைக் கணினியொன்றுக்கு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை மாதமொன்றுக்கு 31 டொலர். அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்ததால் அது ஆறாயிரத்து முந்நூறு ரூபாவளவில் அடங்கியது. 2022 மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே கணினிக்கான வாடகை பதினோராயிரம் ரூபாவைத் தாண்டியது. வழங்குநர் ஒரு சதமேனும் உயர்த்தவில்லை, நாணயமே வீழ்ந்தது. ஐந்து எழுத்தர்கள் உள்ள கடையொன்றில் மாதச் செலவு முப்பத்தோராயிரத்திலிருந்து ஐம்பத்தையாயிரத்துக்கு மேலாகியிருக்கும். சொந்தக் கணினிக்கு இவ்வித ஆபத்து வாங்கும் நாளில் மாத்திரமே. இதற்கும் மேலாக, வெளிநாட்டு டிஜிற்றல் சேவைகளுக்கு 18 சதவீத வற் வரி அறவிடுவதற்கான சட்டத் திருத்தம் 2025 இல் நிறைவேற்றப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஆரம்பமாகவிருந்த நடைமுறை பிற்போடப்பட்ட போதிலும், வரவு செலவுக் கணக்குப் போடுவோர் அதனையும் சேர்த்தே கணிப்பது விவேகம்.

வாடகை முறைகளிலும் வேறுபாடு உண்டு. விண்டோஸ் 365 இல் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மாதக் கட்டணம் ஒன்றே. மைக்ரோசொப்டின் மற்றைய சேவையான அஸூர் மெய்நிகர் மேசைக்கணினியில் இயந்திரம் ஓடும் நேரத்துக்கே கட்டணம். ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளவும் அது இடமளிக்கிறது. ஆனால் விண்டோஸ் உரிமம் தனியாக இருக்க வேண்டும், அமைப்பதற்கும் விடயமறிந்த ஒருவர் வேண்டும். அமேசனில் இரு முறைகளும் உள. காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும் இயங்கி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பூட்டப்படும் அலுவலகத்துக்கு நேரக் கணக்கு முறை இலாபகரமானது. இரவில் இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டால் அந்த இலாபம் அப்படியே போய்விடும்.

இனி, கம்பியைப் பற்றிப் பேச வேண்டும். எமது கணக்குகள் மும்பாயில் இருக்குமாயின் கல்முனையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். சிங்கப்பூராயின் 2,500 கிலோமீற்றர். ஆனால் தரவு நேர்கோட்டில் செல்வதில்லை. கிழக்குக் கரையிலிருந்து தீவைக் குறுக்கே கடந்து கொழும்பு, மாத்தறைப் பக்கத்துக் கடலடிக் கம்பிகளைச் சென்றடைந்து அங்கிருந்தே புறப்படுகிறது. விசையை அழுத்தியதும் எழுத்து திரையில் தோன்றுவதற்கான தாமதம் 150 மில்லிவிநாடிகளுக்குள் இருந்தால் வேலை இடரின்றி நடக்கும். மும்பாய்க்கும் சிங்கப்பூருக்கும் இது கைகூடக்கூடியதே. ஐரோப்பாவிலுள்ள தரவு நிலையத்தை மலிவென்று தெரிவு செய்தவர் ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருப்பார். ஆகவே வழங்குநரின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாமல், இயந்திரம் எந்த நகரில் இருக்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

தாமதத்தைவிடப் பெரிய பிரச்சினை துண்டிப்பு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை இந்நாடு கண்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் தீவு முழுவதும் இருளில் மூழ்கியதாக அமைச்சரே அறிவித்தார். ஒரு குரங்கின் பாய்ச்சலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாத கட்டமைப்பின் மீதுதான் நாம் இந்த மேகத்தைக் கட்டப்போகிறோம் என்பதை மறந்துவிடலாகாது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையூடாக உட்புகுந்த டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் அற்றுப்போயின. அந்நாட்களில் மும்பாயிலிருந்த இயந்திரங்களுக்கு எதுவும் ஆகியிருக்காது. அவற்றைச் சென்றடையும் பாதைதான் இங்கே இல்லாமற் போயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு, மெய்நிகர் கணினி வேண்டாம் என்பதன்று. எல்லா வேலையையும் அதன்மீது ஏற்ற வேண்டாம் என்பதே. நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் கல்முனைப் புடைவைக் கடையின் காசுப் பீடத்தில் வரிசை தெருவரை நீண்டிருக்கும் வேளையில் இணைப்பு அறுந்தால், பற்றுச்சீட்டு எழுதவும் இயலாமல் கடை நின்றுவிடும். காசுப் பீடம் கடையிலுள்ள சொந்த இயந்திரத்திலேயே இயங்கட்டும். இணைப்பு இருக்கும்போது அதன் கணக்கு மேலே செல்லட்டும். பேரேடு, சம்பளம், வரிக் கணக்கு, கொள்வனவுக் கடிதங்கள் என்பன ஒரு நாள் தாமதத்தைத் தாங்கக்கூடியவை. மேகத்துக்கு உரியவை அவையே. அதற்கும் இணைப்பு இரண்டு வேண்டும். ஒன்று ஃபைபர் எனின் மற்றது வேறு நிறுவனத்தின் 4ஜி ஆக இருத்தல் நன்று. 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பமான ஸ்டார்லிங்க் செய்மதி இணைப்பும் ஒரு மாற்றுவழியே. ஆயினும் சிறு கடைக்கு அதன் செலவு கட்டுபடியாகுமா என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சிறியதொரு விடயம், ஆனால் வேலையைக் குழப்புவது இதுவே. எமது அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பல்லாண்டுக் கோப்புகள் குவிந்துள்ளன. தொலைவிலுள்ள இயந்திரத்தில் அவ்வெழுத்துரு நிறுவப்படாவிடின் அக்கோப்புகள் அர்த்தமற்ற குறிகளாகவே திறக்கும். பற்றுச்சீட்டு அச்சுப்பொறிகளும், ஊசி அச்சுப்பொறிகளும், மென்பொருளுக்குத் திறப்பாகச் செருகப்படும் யூ.எஸ்.பி. சாதனங்களும் எல்லாச் சேவைகளிலும் ஒரே மாதிரி இணங்குவதில்லை. இவற்றை ஒரு மாத காலமாவது பரீட்சித்துப் பாராமல் ஆண்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாகாது.

வேறொரு தரப்பினரும் எமது ஊர்களில் உள்ளனர். கட்டார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் அளவையியலாளர்களாகவும் கணக்காளர்களாகவும் பணியாற்றித் திரும்பி, நிந்தவூரிலோ அட்டாளைச்சேனையிலோ வீட்டிலிருந்தவாறே அந்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோர். இவர்களுக்கு மெய்நிகர் கணினியைத் தெரிவு செய்பவர் வளைகுடாவிலுள்ள முதலாளி. கட்டட வரைபடங்களும் விலைப்பட்டியல்களும் தம் நாட்டை விட்டு வெளியேறாதிருப்பதே அவரது நோக்கம், அது நியாயமானதும்கூட. 2025 செப்டெம்பர் 6 ஆம் திகதி ஜித்தாவுக்கு அண்மையில் செங்கடலில் கடலடிக் கம்பிகள் அறுந்து, தென்னாசியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தடுமாறியபோது, மத்திய கிழக்கினூடான தமது சேவையில் தாமதம் ஏற்படுமென மைக்ரோசொப்ட் அறிவித்தது. இத்தகைய நாட்களில் வேலை நேரம் எவ்வாறு கணக்கிடப்படும், இணைப்பின்மை ஊழியரின் குறையாகக் கொள்ளப்படுமா என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது எமது இளைஞர்களின் நலனுக்கு அவசியமானது. வாய்ப்பேச்சை நம்பிய பலர் சம்பளக் கழிவுக்கு ஆளாக நேரிடலாம்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெற்காசியாவில் இத்துறையில் முன்னோடியானது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டு, 2025 இல் சட்டம் திருத்தவும் பட்டது. நடைமுறையில் எத்தனை தாமதம் ஏற்பட்டாலும் அதன் அடிப்படை மாறப்போவதில்லை: வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடன் விபரம், நோயாளியின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வைப்பவர் அவற்றுக்குப் பொறுப்பாளி. தரவு வெளிநாட்டில் இருப்பதால் அப்பொறுப்பு வெளிநாட்டுக்குப் போய்விடாது. தனியார் வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் இதனை மிகுந்த கவனத்தில் எடுக்க வேண்டும். கொழும்பை அண்டிய பகுதிகளில் உள்ளூர்த் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் தரவு நிலையங்கள் இங்கே கவனத்துக்குரியன. கட்டணம் ரூபாவில், தரவு நாட்டுக்குள், பிணக்கு ஏற்பட்டால் வழக்குத் தொடரும் நீதிமன்றமும் இந்நாட்டிலேயே. வசதிகள் அமேசனைப் போல் விரிவானவையாக இராவிடினும், எமது பிரதேசத்தின் நடுத்தர நிறுவனமொன்றுக்கு இவை போதுமா என்று முதலில் பார்த்துவிட்டு அதன் பின்னரே கடல் கடப்பது முறையென நாம் கருதுகிறோம்.

தனியொரு கடைக்காரர் மைக்ரோசொப்டுடனோ அமேசனுடனோ பேரம் பேசுவது நடவாத காரியம். அவருக்குக் கிடைப்பது முன்கூட்டியே அச்சிடப்பட்ட ஒப்பந்தமும் கீழே கையொப்பமிடுவதற்கான இடமுமே. உள்ளூர் வழங்குநரிடமும் இடைத்தரகரிடமும் நிலைமை அவ்வாறில்லை. கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வர்த்தக சங்கங்கள் தமது அங்கத்தவர்களுள் இருபது முப்பது பேரை ஒன்றுசேர்த்துச் சென்றால், சந்தா நின்றபின் ஏழு நாள் தவணையைத் தொண்ணூறு நாளாக்கும்படியும், மாதந்தோறும் தரவின் பிரதியொன்றை வட்டில் ஒப்படைக்கும்படியும், கட்டணத்தை ஓராண்டுக்கு ரூபாவில் நிலைநிறுத்தும்படியும் கேட்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் கணினி பயிற்றுவிக்கிறது. இச்சேவைகளுள் மூன்று நான்கினை எமது இணைப்பில், எமது அச்சுப்பொறிகளோடு, எமது எழுத்துருக்களோடு ஒரு போகக் காலம் ஓடவிட்டுப் பார்த்து, முடிவைத் தமிழில் வெளியிடுவது இறுதியாண்டு மாணவர்களுக்கு உகந்த ஆய்வாக அமையும். அப்பரீட்சையில் ஒரு நாள், எவருக்கும் முன்னறிவித்தல் கொடுக்காமல், இணைப்புக் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு மாலைவரை வேலை எவ்வாறு நடக்கிறது என்பதையும் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.